தேதியை மறக்கும் கேமரா: செல்லை மாற்றுவதா, காத்திருப்பதா, படத்தைத் திருத்துவதா?

பேட்டரியைக் கழற்றி சார்ஜரில் போட்டுவிட்டுத் திரும்ப மாட்டினால், தேதியும் நேரமும் கேட்கிறது கேமரா. அவசரத்தில் தாண்டிவிடுவோம். ஒரு குடும்பக் கல்யாணத்தில் நானும் தாண்டினேன். முகூர்த்தப் படங்கள் ஏதோ பழைய வருட ஜனவரி 1-க்குப் போய்விட்டன. ஆல்பத்தில் தாலி கட்டிய பிறகுதான் நிச்சயதார்த்தமே நடந்தது.

கேமராவின் கடிகாரம் மெயின் பேட்டரி இல்லாத நேரத்தில் ஒரு குட்டி செல்லை நம்பி ஓடுகிறது. அந்தச் செல்தான் சிக்கலா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். நேரத்தைச் சரியாக வைத்து, பேட்டரியைக் கழற்றி, 10 நிமிடம் கழித்து மாட்டுங்கள். தேதி போயிருந்தால் செல் காலி. கழற்றாமலே போகிறதென்றால் பேட்டரி முனைகளைத் துடைத்துப் பாருங்கள், கதை வேறு. மாதத்துக்குச் சில நொடிகள் முன்னே பின்னே போவது கோளாறே அல்ல.

செல்லில் இரண்டு ஜாதி. கேனான் 350டி போன்ற பழைய எஸ்எல்ஆர்களில் (லென்ஸ் மாற்றும் பெரிய கேமராக்களில்) பேட்டரி அறைக்குள்ளேயே சின்னத் தட்டு ஒன்று இருக்கும். அதில் சிஆர்2016 காயின் செல். சுமார் 5 ஆண்டு தாங்கும் என்பது கம்பெனிக் கணக்கு. கேனானின் குட்டி கேமராக்களான பவர்ஷாட் ஏ வரிசையில் பலவற்றுக்கு சிஆர்1220. இந்த ஜாதி உங்களுடையது என்றால் யோசிக்கவே வேண்டாம், மாற்றிவிடுங்கள். இரண்டு காப்பிச் செலவு, நகத்தால் இழுத்தாலே தட்டு வந்துவிடும். வாட்ச் கடையில் 2016 கேட்டால் 2032-ஐ நீட்டி "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்பார்கள். அகலம் ஒன்றுதான், தடிமன் 1.6 மில்லிமீட்டருக்குப் பதில் 3.2. தட்டு மூடாது.

நிகான், சோனி, பானசோனிக் கேமராக்கள் பெரும்பாலும் இன்னொரு ஜாதி. செல் உள்ளே பற்றவைக்கப்பட்டிருக்கும். மெயின் பேட்டரியிலிருந்து தானாக சார்ஜ் ஏறும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பேட்டரியை வெளிச் சார்ஜரில் எத்தனை முறை ஏற்றினாலும் இந்தச் செல்லுக்கு ஒரு சொட்டும் போகாது. முழுதாக ஏற்றிய பேட்டரியைக் கேமராவுக்குள் வைத்து, அணைத்து, அப்படியே விட வேண்டும். பானசோனிக்கின் லூமிக்ஸுக்கு 24 மணி நேரம் போதும், சுமார் 3 மாதம் தாங்கும். நிகான் டி3100-க்கு 3 நாள். தாங்குவது ஒரு மாதம்தான். பீரோவில் ஒரு வருடம் தூங்கிய கேமராவை "கெட்டுப்போச்சு" என்று சர்வீஸுக்குத் தூக்கும் முன் இந்த 3 நாளைக் கொடுங்கள். செலவில்லாத வைத்தியம்.

அதற்கும் மசியவில்லை என்றால் செல்லே செத்துவிட்டது, சால்டரிங் வேலை. தினமும் தொழிலுக்கு எடுக்கும், நாளுக்கு நாலு பேட்டரி மாற்றும் கேமராவுக்கு அது நியாயம். பழைய காம்பாக்ட் எனும் குட்டி கேமராவுக்கு சர்வீஸ் கூலி கேமரா விலையைத் தொட்டுவிடும், நான் கொடுக்க மாட்டேன். நீங்களே திறக்கவும் வேண்டாம்: ஃபிளாஷுக்கு மின்சாரம் சேர்த்துவைக்கும் கெபாசிட்டரில் 300 வோல்ட் வரை தேங்கியிருக்கும், பேட்டரியைக் கழற்றிய பிறகும். அளவு ஒத்துப்போகிறதே என்று சிஆர் செல்லை அங்கே பற்றவைப்பதும் ஆபத்து. அது சார்ஜ் ஏற்றக்கூடாத வகை.

மிச்சம் இருப்பது, மறதியோடு குடித்தனம் நடத்துவது. படத்துக்குள் பதியும் தேதியைப் பின்னால் மாற்றலாம். அதற்கான கணினி மென்பொருள்கள் எக்ஸிஃப்டூல், டிஜிகேம் இரண்டுமே இலவசம். எக்ஸிஃப்டூலில் கட்டளை தட்டச்ச வேண்டும், ஆனால் ஆயிரம் படத்தையும் ஒரே வரியில் நகர்த்திவிடும். டிஜிகேமில் மவுஸ் போதும். எத்தனை மணி நேரம் நகர்த்துவது என்று தெரிய, அன்றைய முதல் படமாகக் கைப்பேசியில் ஓடும் கடிகாரத்தை எடுத்துவைப்பேன். அந்தப் படம் காட்டும் நேரத்துக்கும் அதில் பதிந்த நேரத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் எல்லாப் படங்களுக்கும்.

ஒரு நிபந்தனை: நடுவில் பேட்டரி மாற்றினால் கடிகாரம் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும், வித்தியாசமும் மாறும். மாற்றியதும் கைப்பேசியை இன்னொரு முறை படம் பிடிக்க வேண்டும். பந்தி நடக்கும்போது இதுதான் மறக்கும்.