கோஹார்ட் ஆய்வின் டேட்டா: ஏழு வருஷம் கையாண்ட பிறகு

கேரளாவில், தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கிற கொழிஞ்சாம்பாறைப் பக்கம் நீண்டகால உடல்நல ஆய்வு ஒன்றில் 7 வருஷமாக டேட்டா பார்க்கிறேன். அதே ஆட்களை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை தேடிப்போய் ரத்த அழுத்தம், சர்க்கரை, எடை பார்த்து, பீடி, குடி, மருந்து எல்லாம் கேட்டு எழுதும் கோஹார்ட் ஆய்வு. டேட்டாவை நாங்கள் அடுக்கிய முறையில் எது தாக்குப்பிடித்தது, எது காலை வாரியது என்று, இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

பெரிய தவறு ஆள் எண்ணில்தான். பஞ்சாயத்து, வார்டு, வீடு, வீட்டில் எத்தனையாவது ஆள் என்று எல்லாவற்றையும் ஒட்டி எண் கொடுத்தோம். பார்த்ததுமே யாரென்று தெரியும். முதல் சுற்றில் ரொம்ப வசதி. அப்புறம் ஒரு பெண் கல்யாணமாகி வேலந்தாவளம் போனார். அங்கே போன களப்பணியாளர் புது வீடு, புது ஆள் என்று புது எண் போட்டுவிட்டார். மூன்றாம் சுற்றில் அந்த அக்காவே சொன்னார்: "போன தடவையும் இந்தக் கையிலதானுங்க ரத்தம் எடுத்தீங்க. அதுக்கு முன்னாடி எங்கம்மா ஊட்லயும் எடுத்தீங்க." எங்கள் கணக்கில் அவர் இரண்டு பேர்! கர்ப்பத்துக்கு முந்தைய ரத்த அழுத்தம் ஓர் எண்ணிலும் பிந்தையது இன்னோர் எண்ணிலும் கிடந்தன. பெயரை வைத்தும் பிடிக்க முடியவில்லை. இங்கே ஒரே ஆளின் பெயர் ரேஷன் கார்டில் மலையாளத்தில் ஒரு மாதிரி, தமிழ்ப் பள்ளிக்கூடச் சான்றிதழில் இனிஷியலோடு வேறு மாதிரி.

இப்போது ஆள் எண்ணுக்கு எந்த அர்த்தமும் கிடையாது. கடைசி இலக்கம் மட்டும் தப்பாக அடித்ததைக் காட்டிக்கொடுக்கும். பெயரும் போன் நம்பரும் வேறொரு பூட்டிய கோப்பில். வீடு தனி அட்டவணை. யார் எந்த வீட்டில் எந்தத் தேதியிலிருந்து இருந்தார் என்பது இன்னொன்று. அதற்காக வீட்டை ஒதுக்கிவிடவும் முடியாது. கேரளாவின் கருநாகப்பள்ளி ஆய்வைப் பாருங்கள்: கடற்கரை மணலில் மோனசைட் என்ற கனிமம், அதில் கதிர்வீச்சு தரும் தோரியம். 1990களில் 3,85,103 பேரைப் பதிவு செய்தார்கள். வீட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் கதிர்வீச்சை அளந்து, அந்த வயதில் ஆணோ பெண்ணோ எவ்வளவு நேரம் வீட்டுக்குள் இருப்பார் என்பதையும் சேர்த்துத்தான் ஆளுக்கு ஆள் அளவு போட்டார்கள். அம்மா எண், அப்பா எண்ணுக்கும் முதலிலேயே இடம் விடுங்கள். அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் இதயநோய் ஆய்வு 1948இல் 5,209 பேரோடு தொடங்கியது. 1971இல் பிள்ளைகள் வந்தார்கள், 2002இல் பேரப்பிள்ளைகள்.

ஆளுக்கு ஒரு வரிசை வைத்து, சுற்றுக்குச் சுற்று பக்கவாட்டில் பத்திகளைச் சேர்ப்பதையும் விட்டுவிட்டோம். இப்போது ஒரு சந்திப்புக்கு ஒரு வரிசை, சுற்று எண்ணோடு உண்மையான தேதி. 'இரண்டாம் சுற்று' சிலருக்கு 20 மாதத்தில் வந்தது, சிலருக்கு 31. எந்தக் கருவியில் அளந்தோம் என்பதற்கும் ஒரு பத்தி உண்டு; பாதரசக் கருவியிலிருந்து டிஜிட்டலுக்கு மாறியபோது அது இல்லாமல் தவித்தோம்.

வெற்றிடம் ஒன்றல்ல. தெரியாது, சொல்ல மாட்டேன், இவருக்குப் பொருந்தாது, அன்று மெஷின் ஓடவில்லை என்று நாலும் வேறு வேறு. வெற்றிடத்துக்கு நாங்கள் போட்ட 999 என்ற எண் ஒருமுறை ரத்த அழுத்தச் சராசரிக்குள் புகுந்து ஊரையே நோயாளியாக்கிவிட்டது. எந்த எண்ணுக்கு என்ன பொருள் என்ற டேட்டா அகராதியை அன்றன்றே எழுதுங்கள்.

இப்போது ரெட்கேப் (REDCap) என்ற ஆய்வு டேட்டா மென்பொருளில் இருக்கிறோம். யார், எப்போது, எதை மாற்றினார் என்பது தானாகப் பதிவாகிவிடுகிறது. அது பெரிய நிம்மதி. ஆனால் தப்பாகக் கொடுத்த ஆள் எண்ணை எந்த மென்பொருளும் திருத்தித் தராது.

போன வருஷம் புதிதாக வந்த தம்பி, இறந்தவர்களின் வரிசைகளை நீக்கிவிடலாமா என்று கேட்டார். கூடவே கூடாது. மூன்று சுற்று நமக்குக் கை நீட்டியவர்கள் அவர்கள். இறந்த தேதிவரை அவர்கள் வாழ்ந்த ஒவ்வொரு வருஷமும் கணக்கில் சேரும். இறந்த தேதி, காரணம், யார் சொன்னது என்று மூன்று பத்திகள் அவர்களுக்காகவே வைத்திருக்கிறோம்.