பினாயிலா, பிளீச்சிங் பவுடரா? வாந்தி பேதி வந்த வீட்டுக்கு எது சரி

போன ஐப்பசி மழையில், ராமேஸ்வரம் பக்கம் தங்கச்சிமடத்தில் எங்கள் வீட்டுச் சின்னவனுக்கு வாந்தி பேதி. அவன் வாந்தி எடுத்த இடத்தைப் பழைய வேட்டித் துணியால் துடைத்து, பினாயில் ஊற்றி இரண்டு தடவை மாப்பு போட்டேன். வீடே மணத்தது. மூன்றாம் நாள் அவன் அக்கா படுத்தாள். அடுத்து மாமியார். அந்த வாரம் பட்ட பாட்டில்தான் எதை எதற்கு ஊற்றுவது என்று விசாரிக்க ஆரம்பித்தேன்.

பினாயிலைக் குறை சொன்னால் பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பிடிக்காது. "அந்த வாசம் வந்தாத்தான் தங்கச்சி, வீடு கழுவுன மாதிரி இருக்கு" என்பார். வாசம் வேறு, கிருமி சாவது வேறு. கறுப்பு பினாயில், 1865-இல் கிளாஸ்கோவில் ஜோசப் லிஸ்டர் என்ற அறுவை மருத்துவர் காயத்தில் வைத்துக் கட்டிய கார்பாலிக் அமிலத்துக்கு உறவுக்காரன். வெள்ளையில் பெரும்பாலும் பைன் எண்ணெய். பாக்டீரியாக்களில் பலவற்றை இவை கொல்லும். ஆனால் வாந்தி பேதி கொடுக்கும் நோரோ, ரோட்டா வைரஸ்களுக்கு மேலே கொழுப்பு உறை கிடையாது. அதனால் லேசில் சாகாது, தரையிலும் தாழ்ப்பாளிலும் நாள் கணக்கில் உயிரோடு கிடக்கும். அவற்றிடம் பினாயிலை நம்ப முடியாது.

அங்கே பிளீச்சிங் பவுடர்தான் எடுபடும். 1847-இல் வியன்னா மகப்பேறு வார்டில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் மற்ற மருத்துவர்களைக் கை கழுவ வைத்தது குளோரின் கலந்த சுண்ணாம்புத் தண்ணீரில். ஏப்ரலில் நூற்றுக்கு 18 தாய்மார் செத்த வார்டில் ஜூனில் 2 பேர்தான். நம் பிளீச்சிங் பவுடரும் அதே குடும்பம்.

ஆனால் நம் கடற்கரையில் அதற்கு ஒரு பெரிய எதிரி இருக்கிறது: ஈரக்காற்று. புதுப் பவுடரில் சுமார் 30 சதவீதம் குளோரின் இருக்கும்; ஈரமும் வெயிலும் பட்டால் அது பறந்துவிடும். நான் முதலில் வாங்கி வந்தது, வாய் திறந்த சாக்கிலிருந்து அள்ளிக் கொடுத்த சரக்கு. கையில் எடுத்தால் புட்டு மாதிரி ஈரமாக, கட்டி கட்டியாக இருந்தது. நெடியே இல்லை. வெறும் சுண்ணாம்பைத்தான் காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன்.

நல்ல பவுடர் கிடைத்தால், வாந்தி பட்ட இடத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 15 கிராம். கலக்கி, தெளிய விட்டு, மேல் தண்ணீரை ஊற்றிப் பத்து நிமிடம் விட வேண்டும். ஊற்றின கையோடு துடைத்துவிட்டால் வேலை செய்யாது. கையுறை போடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். கக்கூஸ் கழுவும் ஆசிட்டோடு மட்டும் சேர்த்துவிடாதீர்கள், விஷவாயு கிளம்பும். இரும்புக் கதவில் பட்டால் துரு ஏறும், அங்கே தண்ணீர் விட்டுத் துடைத்துவிடலாம்.

சோப்புத்தூளை யாரும் மருந்தாக நினைப்பதில்லை. ஆனால் அதுதான் முதல் வேலை. அழுக்கு இருக்கும் தரையில் பிளீச்சிங் ஊற்றினால் குளோரின் அழுக்கோடு மல்லுக்கட்டியே தீர்ந்துவிடும். நம் கிணற்று உப்புத் தண்ணீரில் சோப்புக் கட்டி நுரைக்காது, திரி திரியாகத் திரண்டு தரையில் படியும். அதற்குச் சோப்புத்தூள் மேல். கை கழுவ மட்டும் காவிரித் தண்ணீரில் ஒரு செம்பு தனியாக எடுத்து வைக்கிறேன்; குடத்துக்குக் காத்துக் கிடக்கும் ஊரில் அது பெரிய செலவுதான், ஆனாலும் கையை விட்டுத் தரையை மட்டும் கழுவிப் பயனில்லை.

சளி, இருமல், காசநோய், தட்டம்மை என்றால் இந்தப் போட்டியே இல்லை. அவை பெரும்பாலும் காற்றில் வருபவை. தட்டம்மைக் கிருமி, நோயாளி வெளியே போன பிறகும் 2 மணி நேரம் அறையில் மிதக்கும். எந்த பாட்டிலும் அதைத் தொடாது. எதிரெதிர் ஜன்னலைத் திறந்து கடல் காற்றை உள்ளே விட வேண்டும்.

என் கணக்கு இது: அன்றாடம் சோப்புத்தூள், வாந்தி பேதி வந்தால் கழுவின பிறகு பிளீச்சிங். பினாயில் வாங்குவதை விட்டுவிட்டேன். மாப்பை அலசி வெயிலில் மொறுமொறுவென்று காயவைக்கிறேன். ஈர மாப்பு ஒரு அறைக் கிருமியை மற்ற அறைக்கெல்லாம் பூசிவிடும். பவுடரைச் சின்னப் பாக்கெட்டாக வாங்கி, இறுக்கமான மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில், பிள்ளைகளுக்கு எட்டாத பரண் மேல் வைத்திருக்கிறேன். வாங்கிய தேதியை மூடியில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.