.32 டாப் பிரேக் ரிவால்வர்: 11 ஆண்டும் ஒரு போட்டியும்

சென்ற மாதம் என் ரிவால்வர் பழுது நீங்கிக் கைக்கு வந்தது. அதே வாரத்தில் கோபிச்செட்டிபாளையத்திலிருந்து என் மனைவியின் தம்பி அழைத்து, "மாமா, எனக்கு லைசென்ஸ் கெடச்சிருச்சுங்க. உங்களுதாட்டவே ஒண்ணு வாங்கிப்போடலாமுங்களா?" என்று கேட்டார். வாங்கலாம் அல்லது வேண்டாம் என்று ஒரே சொல்லில் பதில் சொல்லியிருக்க வேண்டும். நான் முக்கால் மணி நேரம் பேசினேன். பேசி முடித்தபோது அவருக்கும் ஒன்றும் தெளிவாகவில்லை, எனக்கும் தெளிவாகவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

ஆறு அறை, மூன்று அங்குலக் குழல், .32 லாங் தோட்டா என்பதெல்லாம் கடையில் விலை விசாரித்தவர் எவருக்கும் தெரிந்தவை. நான் சொல்ல வருவது சுட்ட பின் அறையில் மிஞ்சும் காலித் தோட்டாவைப் பற்றி மட்டுமே. 2014-இல் வாங்கிய இந்த ரிவால்வரை நான் விரும்புவதற்கும் வெறுப்பதற்கும் காரணம் அது ஒன்றுதான்.

டாப் பிரேக் வகையில் சிலிண்டர் பக்கவாட்டில் வெளியே வராது. இடப்பக்கத் தாழை வலக் கட்டைவிரலால் அழுத்தினால் குழலும் சிலிண்டரும் சேர்ந்து கீல் போட்ட பெட்டி மூடியைப் போல முன்புறம் மடங்கும். மடங்கும்போதே சிலிண்டரின் நடுவிலிருந்து நட்சத்திர வடிவத் தகடு ஒன்று எழும்பி, ஆறு காலித் தோட்டாக்களையும் விளிம்பில் பிடித்துத் தூக்கிவிட்டு, 'சடக்' என்று தன் குழிக்குள் திரும்ப அமர்ந்துவிடும். சரியாகத் திறந்தால் ஆறும் ஒரே வீச்சில் சோளப்பொரி போலத் துள்ளி வெளியே விழும். பித்தளை தரையில் உருளும் அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காகவே நான் சில நாட்கள் அதைத் திறந்து மூடியிருக்கிறேன். 1887-இல் ஆங்கிலேய ராணுவம் வெப்லி .455-ஐ ஏற்ற காலத்திலிருந்தே புழங்கிவரும் ஏற்பாடு இது.

கொஞ்சம் தயங்கித் திறந்தால் கதை வேறு. தகடு எழும்பிய பிறகு ஏதாவது ஒரு காலித் தோட்டா வெளியே போகாமல் மீண்டும் தன் அறைக்குள்ளேயே சறுக்கும். அதன் விளிம்பு தகட்டின் மேல் உட்காருவதற்குப் பதிலாக அடியில் போய்விடும். தகடு அதன் தலைமேல் வந்து இறங்கும். அப்புறம் ரிவால்வர் மூடாது, தோட்டாவும் வராது. தகட்டை ஒரு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையின் நகத்தால் அதை நெம்பி எடுக்க வேண்டும். நகம் வெட்டிய நாளாக இருந்தால் கொண்டை ஊசியைத் தேட வேண்டும். ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புக்குள் தனியாகக் கிடக்கும் சாளையில் குடியிருக்கிறேன் என்பதற்காக வாங்கிய ஆயுதம் இது. ஆண்டில் இரண்டொரு தடவைதான் சுட்டுப் பார்ப்பேன். எனவே முதல் பத்தாண்டும் இந்தக் கோளாறு எனக்கு ஒரு கோளாறாகவே படவில்லை.

அதைக் கோளாறு என்று காட்டியது போட்டிதான். எங்கள் கிளப்பில் 2024-இல் உறுப்பினர்களுக்குள் பிராக்டிகல் முறையில் ஒரு போட்டி வைப்பதாக அறிவித்தார்கள். ஒரே இடத்தில் நின்று வட்டத்தின் நடுவைப் பார்த்து நிதானமாகச் சுடுவதல்ல இது. நடந்து, தடுப்புக்குப் பின்னால் ஒதுங்கி, அட்டை இலக்கு ஒவ்வொன்றுக்கும் இரண்டு தோட்டா வீதம் சுட வேண்டும். மணி ஒலித்ததிலிருந்து கடைசித் தோட்டா வரை நேரம் ஓடும். எடுத்த புள்ளியை எடுத்துக்கொண்ட விநாடியால் வகுத்து வருவதுதான் மதிப்பெண். 1976-இல் அமெரிக்காவின் கொலம்பியா நகரில் ஜெஃப் கூப்பர் தலைமையில் தொடங்கிய ஐ.பி.எஸ்.சி. அமைப்பின் வழிமுறை அது. ஆனால் அந்த அமைப்பின் அசல் விதிப்படி என் ரிவால்வர் வாசற்படியைக்கூடத் தாண்ட முடியாது. குண்டின் எடையைக் கிரெயினிலும் வேகத்தை விநாடிக்கு இத்தனை அடி என்றும் எடுத்துப் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் அங்கே 120-ஐயாவது தொட வேண்டும். 98 கிரெயின் குண்டை எழுநூறு அடி வேகத்தில் அனுப்பும் .32 லாங், எழுபதைத் தொடவே மூச்சு வாங்கும். 9 மி.மீ.க்குச் சிறிய குண்டும் அங்கே செல்லாது. நம் நாட்டிலோ சாதாரண உரிமத்தில் 9 மி.மீ. கிடைக்காது. ஆகவே கிளப் தன் வசதிக்கு விதியைத் தளர்த்திக்கொண்டது: யாரிடம் என்ன இருக்கிறதோ அதைக் கொண்டு வரலாம், இடுப்பு உறையிலிருந்து உருவுவது கிடையாது, மேசையிலிருந்து எடுத்துத் தொடங்க வேண்டும்.

என் உரிமத்தில் ஆண்டுக்கு 50 தோட்டா. போட்டியின் மூன்று சுற்றுக்கு 6, 12, 12 என்று 30 போய்விடும். பயிற்சிக்கு மிஞ்சியது 20. இருபது தோட்டாவை வைத்துக்கொண்டு முதல் போட்டிக்குத் தயாராவது, இருபது லிட்டர் டீசலில் லாரி ஓட்டக் கற்றுக்கொள்வதைப் போன்றது. எனவே பயிற்சியில் பெரும்பகுதி தோட்டா இல்லாமல்தான் நடந்தது. கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பர் நைலான் கம்பியில் ஆறு டம்மித் தோட்டாக்களைக் கடைந்து, ஊசி குத்தும் இடத்தில் ரப்பர் வைத்துக் கொடுத்தார். நிஜத் தோட்டாக்களை வேறு அறையில் பீரோவில் பூட்டிவிட்டு, சிலிண்டரைத் திறந்து மூன்று முறை பார்த்துவிட்டு, சுவரில் ஒட்டிய சின்ன அட்டையை நோக்கி நாளுக்குப் பதினைந்து நிமிடம் ட்ரிகரை இழுப்பேன். குழலின் முன்குறிக்குப் பின்னால் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, அது விழாமல், பின்பக்கச் சுத்தியலான குதிரையைத் தொடாமல் ட்ரிகராலேயே சுடும் டபுள் ஆக்‌ஷனில் இழுத்து முடிக்க வேண்டும். முதல் வாரத்தில் நாணயம் நின்றதைவிட உருண்டதே அதிகம். குதிரையைக் கட்டைவிரலால் பின்னிழுத்து வைத்துக்கொண்டு சுட்டால் எளிதாக இருக்கும்; ஆனால் ஒவ்வொரு தோட்டாவுக்கும் பிடி கலையும், விநாடியும் போகும். ஆகவே அந்தச் சுகத்தை முதல் நாளே விட்டுவிட்டேன். "ஏனுங்க, தெனமும் இப்படி டக்கு டக்குன்னு காக்கா முடுக்கறீங்களே" என்று என் மனைவி அலுத்துக்கொண்டாலும், நாணயம் விழுந்த கணக்கை வைத்திருந்தவரும் அவரே.

இதற்கு நடுவில் தேர்தல் வந்தது. மார்ச் 16 அன்று நாடாளுமன்றத் தேர்தல் தேதி அறிவித்தார்கள். வழக்கம்போல உரிமதாரர்கள் ஆயுதத்தை ஒப்படைக்க வேண்டும். தமிழ்நாட்டில் ஏப்ரல் 19-ஆம் தேதியே வாக்குப்பதிவு முடிந்துவிட்டாலும் எண்ணிக்கை ஜூன் 4 அன்றுதான். ரிவால்வர் திரும்பி வர ஜூன் இரண்டாம் வாரம் ஆயிற்று. கிட்டத்தட்ட மூன்று மாதம் கையில் ஒன்றுமில்லை. தச்சரிடம் சொல்லி, சிலிண்டரின் வட்டக் கணக்கிலேயே ஆறு துளை போட்ட ஒரு வேப்பங்கட்டையைச் செய்து வாங்கினேன். சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, இடுப்புவாரிலிருந்து இரண்டிரண்டாக டம்மியை உருவி அந்தத் துளைகளில் இறக்குவேன். ஜூனில் நிஜ ரிவால்வர் வந்தபோது ஆறு தோட்டாவையும் பார்க்காமலேயே ஒன்பது விநாடிக்குள் போட முடிந்தது. துப்பாக்கி இல்லாத மூன்று மாதத்தில்தான் நான் உருப்படியாகக் கற்றேன் என்று கிளப்பில் சொன்னால் சிரிக்கிறார்கள்.

இந்த ஒன்பது விநாடியைப் பெரிதாகச் சொல்லிக்கொள்வது எனக்கே வெட்கமாகத்தான் இருக்கிறது. அமெரிக்கரான ஜெர்ரி மிக்குலெக் 1999-இல் ஆறு அறை ரிவால்வரில் ஆறு சுட்டு, நிரப்பி, மறுபடி ஆறு சுட்டு முடிக்க எடுத்துக்கொண்ட மொத்த நேரம் 2.99 விநாடி. அவர் ஆறு தோட்டாவையும் ஒரே வளையத்தில் கோத்து ஒரே அழுத்தில் போடுபவர். டாப் பிரேக்குக்கும் அப்படி ஒரு வசதி இல்லாமலில்லை; முதல் உலகப் போர்க் காலத்திலேயே வெப்லிக்கு பிரிடோ என்ற ஆறு தோட்டாக் கவ்வி இருந்தது. நூறாண்டு கழித்து என் .32-க்குக் கோவையில் நான் ஏறி இறங்கிய கடைகளில் அப்படி ஒரு பொருள் கிடைக்கவில்லை. "அதெல்லாம் ஆருங்க கேக்கறாங்க" என்றார் ஒருவர். கடைசியில் ஈரோட்டில் செருப்புத் தைக்கும் பெரியவர் ஒருவர் இரண்டிரண்டு கண்ணியாக வைத்துத் தைத்துக் கொடுத்த தோல் வாரோடுதான் போட்டிக்குப் போனேன். அந்த வாரைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

போட்டி ஆடிப்பெருக்குக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஆடிக்காற்று அட்டை இலக்குகளைப் பிய்த்து எறிந்ததால், ஒவ்வொன்றுக்கும் பின்னால் மூங்கில் தப்பையை வைத்துக் கட்டினார்கள். முதல் சுற்று ஆறே தோட்டா. மதிப்பெண் குறைவென்றாலும் பிழையில்லை. இரண்டாம் சுற்றில் மூன்று இலக்கை முடித்துத் தடுப்புக்கு நகர்ந்துகொண்டே திறந்தேன். ஐந்து தோட்டா விழும் சத்தம் கேட்டது. எனக்குப் பின்னால் நின்ற நடுவருக்கு அது ஐந்தா ஆறா என்று தெரிந்திருக்காது, எனக்குத் தெரிந்தது. குனிந்து பார்த்தால் தகட்டுக்கு அடியில் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. குழல் முனை எக்காரணம் கொண்டும் இலக்கு மேட்டை விட்டு விலகக்கூடாது, விலகினால் அந்த இடத்திலேயே வெளியேற்றம்; ஆகவே உதறவும் முடியாது, கவிழ்த்துத் தட்டவும் முடியாது. வியர்த்த விரலால் நகம் போட்டு நெம்பி எடுத்தேன். அந்த ஒரு தோட்டா 14 விநாடியைத் தின்றது. பன்னிரண்டு தோட்டாவில் 52 புள்ளி, 38.4 விநாடி; மதிப்பெண் 1.35. தோட்டா சிக்காமல் இருந்திருந்தால் 2.13. பதினான்கு பேரில் ஒன்பதாவதாக வந்தேன். அத்தனை பேரும் போன பின்பு, கடைக்காரரிடம் கணக்குக் காட்ட வேண்டிய காலித் தோட்டா முப்பதையும் காய்ந்த கோரைப்புல்லுக்குள் மண்டியிட்டுத் தேடினேன். மடக்கென்று ஆறையும் வீசி எறியும் அந்த அழகுக்கு இது இன்னொரு கூலி.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன். இரவு ஆறிய பிறகுதான் என் பக்கத்துத் தவறு விளங்கியது. நைலான் டம்மி முழுத் தோட்டாவின் நீளம் கொண்டது. தகடு முழுதாக எழும்பினாலும் அதன் முன்பாதி அறைக்குள்ளேயே நிற்கும், அடியில் சறுக்க வழியே இல்லை. குண்டு போன காலித் தோட்டா குட்டையானது. முழுதாக வெளியே வந்து, தடுமாறி, உள்ளே விழக்கூடியது அதுதான். ஐந்து மாதம் நான் பழகியது நிரப்புவதை மட்டுமே. காலி செய்வதை ஒரு நாளும் பழகவில்லை. பயிற்சிக்குச் சுட்ட இருபதில் ஒரு முறை சிக்கியது நினைவிருக்கிறது. "ஏதோ ஒரு தடவை" என்று அதைத் தள்ளிவிட்டிருந்தேன்.

அதன் பின் காலித் தோட்டா ஆறைப் போட்டுத் திறந்து திறந்து பார்த்ததில் தகட்டின் சுருள்வில்லும் தளர்ந்திருப்பது தெரிந்தது. பழுது பார்ப்பவரிடம் கொடுத்தேன். உரிமப் பதிவு, ரசீது என்று எல்லாம் முடிந்து வர 47 நாள் ஆயிற்று. வில்லை மாற்றிக் கொடுத்தவர் சொன்னது: "ஸ்பிரிங் ஒரு பங்குதானுங்க. தெறக்கற கைதான் முக்காப் பங்கு. கோழி முட்டைய ஒடைக்கறாப்ல தெறக்காதீங்க, தேங்கா ஒடைக்கறாப்ல தெறங்க." எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் அவர் சொன்னபடி ரிவால்வரை வலப்பக்கம் சாய்த்து, ஒரே வெட்டில் திறந்து பார்த்தேன். 120 முறையில் இரண்டு முறை சிக்கியது. முன்பெல்லாம் பத்துக்கு ஒன்று.

நியாயத்துக்கு மற்றதையும் சொல்ல வேண்டும். .32 லாங் தோட்டா சாதுவானது. 25 மீட்டர் சென்டர் ஃபயர் போட்டிக்காரர்கள் இன்றும் அதைத் துல்லியத்துக்காகவே வைத்திருக்கிறார்கள். கை உதைபடாததால் இரண்டாம் குண்டு முதல் குண்டின் பக்கத்திலேயே போகிறது. பத்து மீட்டரில் என்னுடையது மூன்று விரற்கடை இடப்பக்கம் அடிக்கும்; குறியை அத்தனை வலப்பக்கம் வைத்துப் பழகிவிட்டது. 11 ஆண்டில் ஒரு தோட்டாகூட வெடிக்காமல் ஏமாற்றியதில்லை. இதற்கு மேல் ஒரு ரிவால்வரிடம் என்ன கேட்பது?

ஆனாலும் மைத்துனரிடம் வாங்க வேண்டாம் என்றே சொன்னேன். சிலிண்டர் பக்கவாட்டில் திறக்கும் 'பிரபல்' என்ற ரிவால்வர் 2023-இல் வந்துவிட்டது. சிலிண்டரின் நடுத்தண்டைக் கையால் அழுத்தித் தள்ளும் அந்த முறையில் தகடு எழும்பும் வேகம் நம் உள்ளங்கையில் இருக்கிறது. புதிதாகத் தொடங்குபவர் அதில் தொடங்கட்டும். "அப்ப உங்களுதை என்னுங்க பண்ணப் போறீங்க, வித்துப்போடுவீங்களா?" என்றார். தை மாதம் கிளப்பில் அடுத்த போட்டி. அதற்குப் பெயர் கொடுத்தபோது ஆயுதம் என்ற கட்டத்தில் நான் எழுதியது இதே டாப் பிரேக்கைத்தான். அதை அவரிடம் சொல்லவில்லை. "வெல ஏறட்டும் மாப்ள, பாக்கலாம்" என்று சொல்லி வைத்தேன்.