மைக்ரோசோமா, ஹெப்படோசைட்டா?

ஒரு மருந்து கல்லீரலில் எவ்வளவு வேகமாகச் சிதையும் என்று சோதனைக்குழாயில் பார்க்க இரண்டு பொருள்கள் அதிகம் புழங்குகின்றன: மைக்ரோசோம், உறைய வைத்த முழுக் கல்லீரல் செல்லான ஹெப்படோசைட். எங்கள் ஆய்வகத்தில் இரண்டையும் வைத்துப் பார்த்துவிட்டு, இப்போது மைக்ரோசோம் பக்கம் வந்துவிட்டோம். அதனால் நடுநிலையான அலசலை எதிர்பார்க்காதீர்கள்.

கல்லீரலை அரைத்து, சுழற்றிப் பிரிக்கும் கருவியில் 9,000 ஜி விசையில் (புவியீர்ப்பைப் போல 9,000 மடங்கு) சுற்றி, மேலே நிற்கும் கரைசலை மறுபடி ஒரு லட்சம் ஜியில் ஒரு மணி நேரம் சுற்றினால் அடியில் படிவதுதான் மைக்ரோசோம். மருந்தைச் சிதைக்கும் சைட்டோகுரோம் பி450 நொதிகள் ஒட்டியிருக்கும் சவ்வுத் துண்டுகள். உயிர் கிடையாது, அந்த நொதிகள் வேலை செய்யத் தேவையான துணைநொதி என்ஏடிபிஎச்சை நாம்தான் ஊற்ற வேண்டும். ஹெப்படோசைட்டில் நொதி, துணைநொதி எல்லாம் உள்ளேயே இருக்கும். விலையில் செல்தான் எகிறும், அது தெரிந்ததுதான்.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. மைக்ரோசோம் மைனஸ் 80 ஃப்ரீசரில் வருடக்கணக்கில் கிடக்கும். கரண்ட் போனாலும் கதவைத் திறக்காமல் விட்டால் சில மணி நேரம் தாங்கும். உருக்கியதில் மிச்சம் இருந்தால் சின்னக் குழாய்களில் பிரித்துத் திரும்ப உறைய வைக்கலாம். ஒன்றிரண்டு முறை உருகி உறைந்தால் நொதி பெரிதாக இறங்காது.

ஹெப்படோசைட்டுக்கு அந்த ஃப்ரீசர் போதாது, திரவ நைட்ரஜன் வேண்டும். நைட்ரஜன் கேனோ, மூடி வைத்தாலும் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக்கொண்டே இருக்கும். ஒரு பொங்கல் லீவுக்கு முன் நைட்ரஜன் வரவில்லை. திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று நாங்களும் ஊருக்குக் கிளம்பிவிட்டோம். திரும்பி வந்து குச்சியை விட்டுப் பார்த்தால் கேன் காய்ந்து கிடக்கிறது. உள்ளே செல் அடைத்த ஆறு வயல், அதாவது சின்னக் குப்பிகள். ஒன்றை உருக்கி ட்ரிப்பன் ப்ளூ போட்டுப் பார்த்தோம். முக்கால்வாசி செல் நீலம், அதாவது செத்தவை. மற்ற ஐந்தைத் திறக்க மனசே வரவில்லை.

கேன் நிறைந்திருந்தாலும் நிம்மதி இல்லை. ஒரு வயலை உருக்கினால் அன்றைக்கே முழுதும் செலவழிக்க வேண்டும், திரும்ப உறைய வைக்க முடியாது. சஸ்பென்ஷனில், அதாவது திரவத்தில் மிதக்கவிட்ட நிலையில், நான்கு மணி நேரத்துக்கு மேல் அந்தச் செல்லை நான் நம்பமாட்டேன்.

சரி, ஹெப்படோசைட் எங்கே ஜெயிக்கிறது? செல்லுக்குள் நிறைந்திருக்கும் திரவமான சைட்டோசாலில் இருக்கும் நொதிகளில். கார்பசெரான் என்ற மருந்தை நாய்க்குக் கொடுத்தபோது நன்றாக ரத்தத்தில் சேர்ந்தது. மனிதனுக்குக் கொடுத்தால் வந்த சுவடே இல்லை. அதைத் தின்பது ஆல்டிஹைடு ஆக்சிடேஸ் என்ற சைட்டோசால் நொதி, நாயின் கல்லீரலில் அது வேலை செய்வதில்லை. மைக்ரோசோமிலும் இந்த நொதி தங்காது, கரைசலோடு போய்விடும். இப்படிப்பட்ட மூலக்கூறு மைக்ரோசோமில் நல்ல பிள்ளை மாதிரி அசையாமல் நிற்கும்.

மஞ்சளில் இருக்கும் குர்குமினும் இப்படி ஏமாற்றும். 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின், அதாவது மிளகின் காரச்சத்து, கொடுத்தபோது மனிதர்களில் அது கிடைக்கும் அளவு 2,000 சதவீதம் கூடியதாக 1998இல் பெங்களூரு ஆய்வு ஒன்று சொன்னது. பைப்பரின் குளுகுரோனைடு இணைப்பை, அதாவது மருந்தோடு சர்க்கரை போன்ற ஒரு துண்டை ஒட்டி உடல் அதை வெளியேற்றும் வேலையை, தடுக்கிறது. வெறும் என்ஏடிபிஎச் ஊற்றிய மைக்ரோசோமில் அந்த இணைப்பு நடக்கவே நடக்காது. அந்தத் துண்டைத் தரும் யுடிபிஜிஏவும், சவ்வில் ஓட்டை போட அலாமெதிசினும் சேர்க்க வேண்டும். அப்படியும் சல்ஃபேட் இணைப்பு கிடைக்காது. எங்களுக்கு முதல் தடவை குர்குமின் ஜோராகச் சிதைந்தது. அப்புறம்தான் கவனித்தோம், என்ஏடிபிஎச் இல்லாத குழாயிலும் அதே சரிவு. பிஎச் 7.4 பஃபரிலேயே அது தானாக உடைந்துபோகிறது. நொதி ஒன்றுமே செய்யவில்லை.

மெதுவாகச் சிதையும் மருந்துகளுக்கு, தட்டில் ஒட்ட வைத்துப் பல நாள் வளர்க்கும் ஹெப்படோசைட்தான் சரி என்கிறார்கள். இருக்கலாம். நான் செய்தது சஸ்பென்ஷனில் மூன்று ஓட்டம் மட்டுமே, அதை வைத்துப் பெரிதாகப் பேச முடியாது.

இப்போது ஆல்டிஹைடு ஆக்சிடேஸ் மேல் சந்தேகம் வந்தால் எஸ்9 எடுக்கிறோம், முதல் சுற்றில் மேலே நின்ற அதே கரைசல். அதில் சைட்டோசாலும் இருக்கும். இந்த நொதிக்கு என்ஏடிபிஎச் தேவையில்லை என்பதால் அதை ஊற்றாமலே வைத்துப் பார்க்கிறோம். மருந்து குறைந்தால், இந்த நொதியைத் தடுக்கும் ரலாக்சிஃபீன் சேர்த்து இன்னொரு குழாய்; அதில் சரிவு நின்றுவிட்டால் ஆள் அகப்பட்டான். எஸ்9 வயலுக்கும் தனிக் கேன் வேண்டாம், அதே ஃப்ரீசரில் மைக்ரோசோமுக்குக் கீழ்த் தட்டில் கிடக்கிறது.