புகைபோக்கிக் காபனா, கடற்பாசியா? கொழும்பு அழகுசாதனத் தயாரிப்பாளருக்கு எது பொருந்தும்

கொழும்பில் சிறிய அளவில் ஷாம்பு, கிறீம், வாசனைத் திரவியம் செய்து விற்பவர்களிடம், பெற்றோலியத்துக்கு மாற்றாக இன்று இரண்டு வழிகள் முன்வைக்கப்படுகின்றன. ஆலைப் புகையில் வெளியேறும் காபனைப் பிடித்து அதிலிருந்து மதுசாரமும் பிளாஸ்டிக்கும் செய்வது ஒன்று. பாசிகளை வளர்த்து அவற்றிலிருந்து களியும் நிறமும் எண்ணெயும் எடுப்பது மற்றொன்று. இரண்டும் காபனீரொட்சைட்டைப் பயன்படுத்துவதாகச் சொல்லப்படுவதால் ஒரே தட்டில் வைத்துப் பேசப்படுகின்றன. ஆனால் முதலாவது தருவது நாம் ஏற்கெனவே பயன்படுத்தும் அதே மூலக்கூற்றை. இரண்டாவது தருவதோ வேறு குணமுள்ள புதிய பொருளை. தயாரிப்பாளர் எதிர்கொள்ளும் வசதிகளும் சிக்கல்களும் இந்த வேறுபாட்டிலிருந்தே பிறக்கின்றன.

புகை வழியில் அதிகம் பேசப்படும் நிறுவனம், 2005இல் நியூசிலாந்தில் தொடங்கப்பட்ட லான்ஸாடெக். உருக்கு ஆலையின் கழிவு வாயுவிலுள்ள காபனோரொட்சைட்டை உண்டு எதனோல் என்னும் மதுசாரத்தை வெளியிடும் ஒரு பக்டீரியாவை அது பயன்படுத்துகிறது. சீனாவில் ஓர் உருக்கு ஆலையோடு இணைந்த அதன் முதல் வணிக நிலையம் 2018இல் இயங்கத் தொடங்கியது. இந்த எதனோலிலிருந்து எதிலீன் வாயுவும், அதிலிருந்து பொலிஎதிலீன் பிளாஸ்டிக்கும் செய்து ஒப்பனைப் போத்தலாக்கியதை லொரியல், டோட்டல் நிறுவனங்கள் 2020இல் லான்ஸாடெக்குடன் சேர்ந்து அறிவித்தன. 2023இல் கோட்டி நிறுவனம், முழுவதும் இவ்வகை மதுசாரத்தில் செய்த ஒரு வாசனைத் திரவியத்தைக் குச்சி (Gucci) என்ற வணிகப் பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. தயாரிப்பாளருக்கு இதிலுள்ள வசதி வெளிப்படையானது: எதனோல் எங்கிருந்து வந்தாலும் எதனோல்தான் என்பதால் கலவையை மாற்ற வேண்டியதில்லை, மணமும் மாறாது.

காபன் கணக்கு மட்டும் அவ்வளவு அழகாக இல்லை. ஒரு கிலோகிராம் எதனோலில் அடங்கியுள்ள காபன், ஏறத்தாழ 1.9 கிலோகிராம் காபனீரொட்சைட்டுக்குச் சமம். மணிக்கட்டில் தெளித்த சில நிமிடங்களில் அது ஆவியாகி, பின்னர் வளியில் ஒட்சியேறி, மீண்டும் காபனீரொட்சைட்டாகிவிடுகிறது. எனவே இங்கே காபன் சிறைப்படுவதில்லை. சற்றுத் தாமதித்துப் போகிறது, அவ்வளவே. அதிலும், வாசனைத் திரவியத்துக்கான மதுசாரம் உலகெங்கும் பெரும்பாலும் கரும்பு, பீட், தானியம் ஆகியவற்றிலிருந்தே பெறப்படுவதால், புகை எதனோல் இத்துறையில் மிச்சப்படுத்துவது நிலத்தையும் நீரையும்தான்.

இலங்கையில் இந்த வழி இன்னும் குறுகிவிடுகிறது. காபனோரொட்சைட்டு மிகுந்த வாயுவை வெளியிடும் ஊதுலை உருக்கு ஆலை இங்கே கிடையாது. 900 மெகாவாற்று நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகையில் இருப்பது பக்டீரியாவுக்கு உணவாகும் காபனோரொட்சைட்டு அல்ல, காபனீரொட்சைட்டு. அதை எதனோலாக்க வெளியிலிருந்து ஐதரசன் கொடுக்க வேண்டும். ஒரு கிலோகிராம் எதனோலுக்கு 0.26 கிலோகிராம் ஐதரசன் தேவை. நீரை மின்னாற்பகுத்து அதைப் பெற ஏறத்தாழ 13 அலகு மின்சாரம் செலவாகும். அந்த மின்சாரமே நிலக்கரியிலிருந்து வந்தால், இரண்டு கிலோகிராமுக்கும் குறைந்த காபனீரொட்சைட்டைப் பிடிப்பதற்காகப் பத்துக் கிலோகிராமுக்கு மேல் வெளியேற்றியிருப்போம். வீட்டுக் கூரையை எரித்துக் குளிர்காய்வது என்பது இதுதான். மாறாக, பெல்வத்தையிலும் செவனகலையிலும் கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து மதுசாரம் வடிக்கப்படுகிறது. எதனோல் இறக்குமதிக்கு 2020 தொடக்கத்தில் தடை விதிக்கப்பட்டதையும் சேர்த்துப் பார்த்தால், மதுசாரத்தைப் பொறுத்தவரை கொழும்புத் தயாரிப்பாளர் புகையைத் தேடிப் போக வேண்டிய நியாயம் எனக்குத் தெரியவில்லை. கரும்பும் வளியிலிருந்துதான் காபனை எடுக்கிறது.

போத்தல் வேறு விடயம். ஒரு கிலோகிராம் பொலிஎதிலீனில் 3.1 கிலோகிராம் காபனீரொட்சைட்டுக்குச் சமமான காபன் அடங்கியிருக்கிறது, அது ஆவியாவதில்லை. புகைக் காபனுக்கு உண்மையான பொருள் இருக்கும் இடம் இதுதான். ஆயினும் 2021 மே மாதத்தில் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்தபோது, அதில் ஏற்றப்பட்டிருந்த ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் மேற்குக் கரையெங்கும் ஒதுங்கியதைக் கண்ட நகரம் இது. புகையிலிருந்து செய்த பொலிஎதிலீன் மணியும் கடலில் விழுந்தால் அதே மணிதான். அதே ஆண்டு மார்ச் இறுதியில், உணவும் மருந்தும் நீங்கலாக, 20 மில்லிலீற்றர் வரையான சஷே பைக்கற்றுகளுக்கு இலங்கை தடை விதித்தது. என் கணிப்பில், விலையுயர்ந்த புகைப் போத்தலை இறக்குவதைவிட, இருக்கும் போத்தலையே மீள நிரப்பிக்கொடுக்கும் ஏற்பாடு இங்கே அதிக பயன் தரும்.

பாசிப் பக்கம் வந்தால், முதலில் நம் வடகடல். பூநகரிப் பக்கமுள்ள வலைப்பாட்டிலும் மன்னாரிலும் கப்பாபைக்கஸ் என்னும் கடற்பாசியைச் சிறு துண்டுகளாகக் கயிற்றில் கட்டி ஆழமற்ற கடலில் வளர்க்கிறார்கள். சுமார் 45 நாட்களில் அறுவடையாகிறது. அதிலிருந்து கிடைக்கும் கராஜீனன் என்னும் களிப்பொருள், ஷாம்பையும் களிம்பையும் தடிப்பாக்கும். நன்னீரோ விளைநிலமோ உரமோ இதற்குத் தேவையில்லை. பெரும்பகுதி காய்ந்த பாசியாகவே ஏற்றுமதியாகி, தூளாக்கப்படுவது வெளிநாட்டில் என்பது ஒரு குறை. இது நம் கடலுக்குச் சொந்தமான இனம் அல்ல என்பது இன்னொன்று. மன்னார் வளைகுடாவின் இந்தியப் பக்கத்தில், குருசடைத் தீவருகே, இது பவளப்பாறைகள்மேல் படர்ந்து மூடியது 2008இல் பதிவாகியுள்ளது. பண்ணையை எங்கே போடுவது என்பது எவ்வளவு விளைகிறது என்பதைவிட முக்கியம்.

கராஜீனனின் போட்டியாளர், பெற்றோலியத்திலிருந்து வரும் கார்போமர். அது கண்ணாடிபோலத் தெளிந்த, வழவழப்பான களியைத் தரும். ஆனால் எளிதில் சிதையாது, உப்பைத் தாங்காது. கற்றாழைச் சாற்றைத் தாராளமாகச் சேர்த்தால், அதிலுள்ள உப்புகளால் கார்போமர் களி நெகிழ்ந்து ஓடத் தொடங்கும். கப்பாபைக்கஸ் தரும் கப்பா வகைக் கராஜீனனோ பொட்டாசியம் பட்டதும் இறுகி, விரலால் அழுத்தினால் உடைந்துபோகும். சில வாரம் கழித்து மூடியைத் திறந்தால் களியின்மேல் நீர் கசிந்து நிற்கும். சாந்தன் பசையைக் கொஞ்சம் கலந்தால் கசிவு குறையும். எலுமிச்சை அல்லது பழ அமிலம் கலந்த, மிகவும் புளிப்பான தயாரிப்புகளில் கராஜீனன் சங்கிலி மெல்லச் சிதைவதால், அவற்றுக்கு இது ஆகாது. தலைமயிர்க் களிக்கும் கற்றாழைக் களிக்கும் கடற்பாசியையே நான் தேர்ந்தெடுப்பேன். முகத்துக்கான அமிலத் திரவத்துக்கு மாட்டேன்.

கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியவையான நுண்பாசிகளைப் பற்றி விளம்பரம் அதிகம், போத்தலில் அளவு குறைவு. ஒரு கிலோகிராம் உலர்ந்த நுண்பாசி வளர ஏறத்தாழ 1.8 கிலோகிராம் காபனீரொட்சைட்டு செலவாகும் என்பது உண்மை. ஆனால் கிறீமின் பெரும்பகுதி தண்ணீர். பாசிச் சாறு அதில் நூற்றுக்கு ஒரு பங்கைக்கூட எட்டாத தயாரிப்பின் மேலட்டையில் காலநிலையைப் பற்றிப் பேசுவது பொருத்தமில்லை. சுருள்பாசியின் (ஸ்பைருலினா) நீல நிறமான பைக்கோசயனின் 50 பாகை செல்சியஸுக்கு அருகிலேயே குலையத் தொடங்கும், வெளிச்சத்திலும் வெளுக்கும். புறக்கோட்டைக் கடையொன்றின் வெயில்படும் தட்டில் அந்த நீலம் நிலைக்காது. உப்பளங்களின் செறிந்த நீரைச் செந்நிறமாக்கும் டுனாலியெல்லா என்னும் நுண்பாசி இந்த நாட்டுக்குக் கூடுதலாகப் பொருந்தும். அதன் உலர்நிறையில் பத்து வீதம்வரை பீற்றாகரோட்டீன் என்னும் செம்மஞ்சள் நிறப்பொருள் சேரும், அந்நிறம் தேங்காயெண்ணெயில் கரையும். மேற்கு அவுஸ்திரேலியாவின் ஹட் வாவியில் இது தொழிலாகவே நடக்கிறது. மன்னாரிலும் ஆனையிறவிலும் உப்பளம் இருக்கிறது, வெயிலும் இருக்கிறது.

வெளிநாட்டு ஒப்பீடுகளை அப்படியே இங்கே பெயர்த்துவைக்க முடியாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஐரோப்பியக் கணக்குகளில், ஷாம்பு ஒன்றின் காபன் சுமையில் பெரும்பங்கு குளிநீரைச் சூடாக்குவதில் போகிறது. அங்கே மூலப்பொருளை மாற்றுவதால் கிடைக்கும் பயன் அந்தச் சூட்டிலேயே மறைந்துவிடும். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ பச்சைத்தண்ணீரில் தலைமுழுகும் வீடுகள்தான் அதிகம். ஆகவே இங்கே அந்தச் சுமையில் போத்தலுக்கும் உள்ளிருக்கும் பொருளுக்கும் உள்ள பங்கு ஐரோப்பாவைவிடப் பெரிது. எதனால் செய்கிறோம் என்ற தெரிவும் அந்த அளவுக்குக் கூடுதலாகக் கணக்கில் வரும்.