எவோவா, லெவோர்க்கா, கோல்ஃபா: திருமலையில் குடும்பத்தோடு ஓட ஒரு வேகமான கார்

திருகோணமலையில் இருந்துகொண்டு 300 குதிரைவலுக் கார் தேடுகிறவரிடம் முதலில் கேட்க வேண்டியது, அதை எங்கே ஓடப் போகிறீர்கள் என்பதுதான். ஊருக்குள் 50, ஊர் கடந்தால் 70, சட்டம் அவ்வளவுதான். 100இல் போக ஆசையென்றால் குருநாகலில் ஏறி மீரிகமவில் இறங்கும் அதிவேகப் பாதை வரை பொறுத்திருக்க வேண்டும், அதுவும் கொழும்புக்கான 260 கிலோமீற்றர் சொச்சத்தில் ஒரு 40 கிலோமீற்றர்தான். பிறகு எதற்கு வேகமான கார்? முந்துவதற்கு. சீனக்குடாவில் மாவும் சீமெந்தும் ஏற்றிய லொறி ஒன்று கந்தளாய் தாண்டி 40இல் ஊர்ந்துகொண்டிருக்கும், எதிரே சின்ன இடைவெளி ஒன்று கிடைக்கும், அதற்குள் பின் சீட்டில் தூங்கும் பிள்ளை எழும்பாமல் தாண்டிவிட வேண்டும். அதே ரோட்டில் ஹபரணைக்குக் கிட்ட மம்மல் பொழுதில் யானை நின்றால் நேராக, ஒழுங்காக நிற்கவும் வேண்டும். இந்த இரண்டையும் செய்கிற கார்தான் எங்களுக்கு வேகமான கார், மற்றதெல்லாம் யூடியூப்பில் பார்த்து ரசிப்பதற்கு.

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுவது குதிரைவலுவை. லொறியை முந்தும்போது கைகொடுப்பது டோர்க், அதாவது நியூட்டன் மீற்றரில் அளக்கும் இஞ்சினின் திருப்புவிசை, அதிலும் அது எத்தனை ஆர்பிஎம்மில் (இஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றும்போது) வந்து சேர்கிறது என்பது. ஜப்பானில் விற்ற கடைசித் தலைமுறை சுபாரு எஸ்டிஐயில் 308 குதிரைவலு, 422 நியூட்டன் மீற்றர், ஆனால் அந்த 422 முழுதாக வருவது 4400 ஆர்பிஎம்மில். ஃபொக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ ஏழாம் தலைமுறையில் 220 குதிரைவலுதான், அதன் 350 நியூட்டன் மீற்றர் 1500இலேயே தொடங்கி 4400 வரை அப்படியே நிற்கிறது. ரேஸ் ட்ரக்கில் எஸ்டிஐ கோல்ஃபைத் தின்றுவிடும். லொறிக்குப் பின்னால், நாலாம் கியரில், மனைவி பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது, எஸ்டிஐக்காரர் இரண்டு கியர் இறக்கி இஞ்சினை அலற விட வேண்டும், கோல்ஃப்காரர் காலைக் கொஞ்சம் அழுத்தினால் போதும்.

தியத்தலாவையில் ஃபொக்ஸ்ஹில் கார்ப் பந்தயம் பார்த்து வளர்ந்த எங்கள் வயதுக்காரருக்கு மிட்சுபிஷி எவோவும் எஸ்டிஐயும் வெறும் கார் இல்லை என்பது தெரியும், எனக்கும் அந்த ஆசை போகவில்லை. ஆனால் குடும்பக் கணக்கில் எவோ 10 தோற்பது டிக்கியில்தான். எடையைச் சமப்படுத்த பட்டரியையும் வைப்பருக்குத் தண்ணீர் விடும் தாங்கியையும் பின் சீட்டுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள், ஆகவே பின் சீட் மடிய மாட்டாது, டிக்கியும் சிறுத்துவிட்டது. நல்லூர்த் திருவிழாவுக்கு யாழ்ப்பாணம் போய்த் திரும்பும்போது பனங்கட்டிப் பெட்டியும் மாம்பழமும் பிள்ளைகளின் பையும் அம்மம்மாவின் சூட்கேசும் அதற்குள் போகாது. உற்பத்தியும் 2016இல் நின்றுவிட்டது, அதனால் நல்ல நிலையில் இருக்கும் எவோவுக்குக் கேட்கும் விலை சேகரிப்பாளர் விலை. எஸ்டிஐ டிக்கி பரவாயில்லை, பின் சீட்டும் மடியும், ஆனால் ஆறு கியர் மனுவல் மட்டும்தான். வீட்டில் இரண்டு பேர் ஓடுகிற கார் என்றால், மற்றவருக்கு அந்தப் பாரமான கிளச் பிடிக்குமா என்று முதலில் கேளுங்கள்.

ஹொண்டா சிவிக் டைப் ஆர், 2017இல் வந்த மாடல், ஓட்டத்துக்கு இந்தப் பட்டியலிலேயே மேல். ஆனால் பின்னால் இரண்டு பேர்தான் இருக்கலாம், மொத்தம் நாலு சீட். ரயர் 245/30, 20 அங்குல ரிம். அந்த 30 என்றால் ரயரின் பக்கச் சுவர் ஏறக்குறைய 7 சென்ரிமீற்றர்தான், மாரி மழைக்குப் பிறகு கிண்ணியாப் பக்கம் ஓடிப் பார்த்தவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. டொயோட்டா ஜிஆர் யாரிஸ்? மூன்று கதவு. அடுத்தது.

உண்மையான போட்டி கோல்ஃப் ஜிடிஐக்கும் சுபாரு லெவோர்க்குக்கும். ஸ்கோடா ஒக்டேவியா ஆர்எஸ்ஸையும் சேர்க்கலாம், கோல்ஃபின் அதே 2 லீற்றர் இஞ்சின், 590 லீற்றர் டிக்கி, குடும்பத்துக்கு அதைவிடக் கெட்டிக்காரக் கார் குறைவு. இங்கே ஒன்று விற்பனைக்கு வந்து, கணக்கும் சரியாக இருந்தால் யோசிக்காமல் போய்ப் பாருங்கள். வருகிறதா என்பதுதான் கேள்வி.

கோல்ஃபில் எனக்குப் பிடித்தது அதன் அடக்கம். வீதியில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், பின் சீட்டில் பிள்ளையின் சீட்டைப் பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கின்றன, சீட்டில் இருந்தபடி நாலு மூலையும் தெரியும், மெயின் வீதியில் மார்க்கெட் நேரத்தில் ஓடும்போது அது பெரிய விஷயம். டிக்கி 380 லீற்றர், ஒரு பிள்ளை வண்டிலும் இரண்டு பையும் என்றால் சரி. ஆனால் சாதாரண கோல்ஃபைவிட 15 மில்லிமீற்றர் தாழ்ந்து நிற்கும், ஒழுங்கைக்குள் இருக்கும் வீட்டுக்காரர் அதைக் கவனிக்க வேண்டும். கியர் பெட்டியையும் விளங்கிக்கொண்டு வாங்குங்கள். ஜிடிஐயில் வருவது எண்ணெயில் நனைந்து ஓடும் இரட்டைக் கிளச் டிஎஸ்ஜி, அதற்கு 60,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை எண்ணெய் மாற்ற வேண்டும், மாற்றிய பில்லைக் கேட்டுப் பாருங்கள். சின்ன இஞ்சின் கோல்ஃப்களில் வந்த உலர் கிளச் ஏழு கியர் வேறு சாமான், நெரிசலில் சூடாகி வரும் கரைச்சல் கதைகளில் பெரும்பங்கு அதைப் பற்றியவை, இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி ஜிடிஐயை ஒதுக்க வேண்டாம்.

லெவோர்க் 2014இல் வந்தது. அழகாக இருக்கிறது என்று யாரும் சொல்ல மாட்டார்கள், வாகரைக்கு மீன் வாங்கப் போகிற கார் மாதிரி இருக்கும். ஆனால் 2 லீற்றர் டேர்போவில் 300 குதிரைவலு, 400 நியூட்டன் மீற்றர் 2000 ஆர்பிஎம்மிலிருந்து, நாலு சில்லுக்கும் இழுவை, டிக்கி 522 லீற்றர். கார்த்திகை, மார்கழியில் மழை ஊற்றும்போது கந்தளாய், ஹபரணை வழியாகப் போகும் ஏ6 ரோட்டில் தண்ணீர் தேங்கிய இடத்தில் அந்த நாலு சில்லு இழுவை தருகிற நம்பிக்கை கோல்ஃபின் முன்சில்லு இழுவையில் இல்லை. குறை என்றால் சிவிடி, அதாவது கியர் படிகள் இல்லாத ஓட்டோமற்றிக், காலை அழுத்தினால் சத்தம் முதலில் வரும், கார் பிறகு வரும், அதோடு பழக வேண்டும். ஆரம்ப வருடக் கார்களின் சஸ்பென்ஷன் கடினம், பின்னால் இருக்கும் வயதானவர்கள் முறைப்பாடு சொல்வார்கள். 2017 நடுப்பகுதியில் வந்த மாற்றத்தில் சஸ்பென்ஷனைத் திருத்தினார்கள், பின் சீட்டையும் மூன்று துண்டாக மடியும்படி செய்தார்கள், நடுத்துண்டை மட்டும் மடித்தால் நீளமான சாமானும் போகும், இரண்டு பக்கமும் பிள்ளைகளும் இருப்பார்கள். ஆகவே தேடுவதென்றால் அந்த வருடத்துக்குப் பிறகு உள்ளதைத் தேடுங்கள். 1.6 லீற்றர் லெவோர்க்கும் உண்டு, 170 குதிரைவலு, ஜப்பானில் சாதாரணப் பெற்றோலிலேயே ஓட அமைத்தது, அவர்களுடைய சோதனைக் கணக்கில் லீற்றருக்கு 16, 17 கிலோமீற்றர். 2 லீற்றருக்கு அதே சோதனையில் 13.2, பெற்றோலும் உயர் ஒக்டேன் வேண்டும். 92 ஒக்டேன் போட்டுச் சமாளிக்கலாம் என்று சொல்லும் ஆட்களை நம்பாதீர்கள், டேர்போ இஞ்சினில் மிச்சம் பிடித்த காசு பிறகு கராஜில் போகும். 95 எந்த செட்டில் ஒழுங்காகக் கிடைக்கிறது என்று வாங்க முதலே பார்த்துவையுங்கள்.

இதெல்லாம் சரி, எங்கள் நாட்டில் வரி இஞ்சின் கொள்ளளவைப் பார்த்துத்தான் ஏறும். 2020 மார்ச்சில் நின்ற இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்குத் திறந்தபிறகும் 2 லீற்றர் காரின் விலை சம்பளக்காரர் எட்டும் இடத்துக்கு வரவில்லை. இந்த வரியால்தான் சிவிக் 1.0 டேர்போ இங்கே இவ்வளவு ஓடுகிறது. 129 குதிரைவலு, ஹச்பேக்கில் 478 லீற்றர் டிக்கி, பின்னால் மூன்று பேர் வசதியாக. வேகமான கார் என்று சொல்ல மாட்டேன், துடிப்பான கார். டைமிங் பெல்ட் இஞ்சின் எண்ணெய்க்குள்ளேயே ஓடுகிறது, அதனால் எண்ணெயைத் தள்ளிப் போடாமல், சொன்ன தரத்தில் மாற்றிய காரை மட்டும் எடுங்கள்.

மின்சாரக் காரை விட்டுவிட்டீர்களே என்று கேட்பீர்கள். பிவைடி சீல் இரட்டை மோட்டாரில் 100ஐத் தொட 3.8 செக்கன், மேலே சொன்ன எல்லாவற்றையும் அது முந்திவிடும், சத்தமில்லாமல். கொழும்புக்கு ஒருவழி ஓட்டத்துக்கு பட்டரியும் தாராளம். ஆனால் மின்சாரக் காருக்கு வரி மோட்டாரின் கிலோவாட்டைப் பார்த்து வருகிறது, சீலில் 390 கிலோவாட், அந்த விலைக்கு நான் இன்னும் தயாரில்லை.

என்னுடைய தெரிவு: வீட்டில் ஒரே ஒரு கார்தான் என்றால் சிவிக். இதைக் கொழும்புக்கு அனுப்பாமல் இங்கேயே பார்க்கக்கூடிய மெக்கானிக் கிடைப்பார், கார் இரண்டு கிழமை கராஜில் நின்றால் பள்ளிக்கூட ஓட்டம் யார் ஓடுவது? வீட்டில் இன்னொரு வாகனம் இருந்தால் 2017க்குப் பிந்திய 2 லீற்றர் லெவோர்க். பிள்ளை ஒன்றுதான், தனியாக ஓடும் ஓட்டமும் அதிகம் என்றால் கோல்ஃப்.

எதை எடுத்தாலும் ஜப்பானில் ஓடிய கார் என்றால் அடியில் துருப் பாருங்கள். அங்கே பனிப் பிரதேச ரோட்டில் உப்புத் தூவுவார்கள், இங்கே உப்புவெளியில் காற்றே உப்பு, அங்கே தொடங்கிய துரு இங்கே கெதியாக வளரும். பார்க்கப் போகும்போது பிள்ளையின் சீட்டையும் கையோடு கொண்டுபோங்கள். முதலில் உங்கள் உயரத்துக்கு முன் சீட்டைச் சரிசெய்துவிட்டு, அதற்குப் பின்னால் அதை மாட்டிப் பாருங்கள். வரிசையை மாற்றி மாட்டினால் எந்தக் காரும் பெரிதாகத்தான் தெரியும்.