எதிர்த்து நின்ற சீனா, பேசித் தீர்த்த ஐரோப்பா

2025 ஏப்ரல் 2 அன்று டிரம்ப் உலக நாடுகள் மீது வரி அறிவித்தபோது, பாதிக்கப்பட்டவர்கள் முன் இரண்டு வழிகள் இருந்தன: பதிலடி அல்லது பேரம்.

சீனா பதிலடியைத் தேர்ந்தெடுத்தது. 34 சதவீதத்துக்கு 34 சதவீதம் என்று தொடங்கி, ஒரே வாரத்தில் அமெரிக்க வரி 145, சீன வரி 125 என ஏறியது. ஆனால் பெய்ஜிங்கின் உண்மையான பலம் வரியில் இல்லை. ஏழு அரிய மண் தனிமங்களின் ஏற்றுமதிக்கு அது கட்டுப்பாடு விதித்தது. இவற்றால் செய்யப்படும் மோட்டார் காந்தங்கள் கிடைக்காமல் சிகாகோவில் ஃபோர்டு கார் ஆலையே சில நாட்கள் நின்றது. மே 12-இல் ஜெனீவா உடன்பாட்டின்படி அமெரிக்கா 30-க்கும் சீனா 10-க்கும் இறங்கின.

ஐரோப்பிய ஒன்றியமும் பதில் வரிப் பட்டியலைத் தயாரித்தது. ஆனால் அதை நடைமுறைக்கே கொண்டுவரவில்லை. ஜூலை 27-இல் ஸ்காட்லாந்தின் டர்ன்பெரியில் ஐரோப்பிய ஆணையத் தலைவர் உர்சுலா வான் டெர் லேயன் 15 சதவீத வரிக்கு ஒப்புக்கொண்டார். கூடவே 750 பில்லியன் டாலருக்கு எரிசக்தி வாங்குவதாகவும் உறுதியளித்தார். கார்களுக்கு வரி 27.5-இலிருந்து 15 ஆனது ஜெர்மனிக்குப் பெரிய நிம்மதி. எஃகுக்கு 50 சதவீதம் அப்படியே நீடித்தது.

எண்களை மட்டும் பார்த்தால் ஐரோப்பாவுக்கே லாபம். ஆனாலும் என் பார்வையில் பேரத்தில் வலுவாக நின்றது சீனாதான்: அது வரியைக் குறைக்க வைத்தது, ஐரோப்பா வரியை ஏற்றுக்கொண்டது. அதற்காக ஐரோப்பிய ஒன்றியத்தைக் கோழை என்பது அநியாயம். உக்ரைன் போர் நடக்கையில், நேட்டோ பாதுகாப்புக்கு வாஷிங்டனையே பெரிதும் நம்பியிருக்கும் நாடுகள் அதில் பெரும்பாலானவை. சீனாவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.